அமெரிக்கானா இசை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கானா என்பது எந்த வகை இசை?

அது ஒரு தனி வகை அன்று. பல வகைகளுக்குச் சேர்த்து இட்ட பொதுப்பெயர். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அப்பலாச்சிய மலைப்பகுதியிலும் வீட்டுத் திண்ணைகளிலும் வயல்களிலும் தேவாலயங்களிலும் நடனக் கூடங்களிலும் வளர்ந்த ப்ளூஸ் எனப்படும் கறுப்பினத்தவரின் துயரப் பாடல், பழைய கன்ட்ரி எனப்படும் கிராமப்புற இசை, ப்ளூகிராஸ், காஸ்பெல் எனப்படும் கிறிஸ்தவப் பக்திப்பாடல், நாட்டுப்பாடல் ஆகியவற்றின் வழியில் வந்து, அந்த உறவை இன்றும் மறைக்காமல் பாடப்படும் பாடல்களை இந்தப் பெயரில் அழைக்கிறார்கள். 'ரூட்ஸ் இசை' என்பதும் ஏறத்தாழ இதையே குறிக்கும். பெரும்பாலும் கிட்டார், பாஞ்சோ, ஃபிடில் எனப்படும் வயலின், மாண்டலின், நின்றபடி வாசிக்கும் பெரிய பேஸ் ஆகிய கருவிகள் இதில் ஒலிக்கும். ஆயினும் மின் கிட்டாரும் டிரம்ஸும் இருப்பதனால் ஒரு பாடல் இந்த வகையிலிருந்து விலகிவிடாது. ஒருவர் யாரிடமிருந்து கற்றார், யாருடைய மெட்டைத் தன் குரலில் தொடர்கிறார் என்பதே இங்கு முதன்மையான செய்தி. இந்தப் பக்கத்தின் பதில்கள் அனைத்தும் அந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டே செல்கின்றன.

இந்தப் பெயர் எப்போது வந்தது?

இசை பழையது, பெயர் புதியது. 1995 ஜனவரியில் 'கேவின்' என்ற வானொலித் தொழில் இதழ், வணிகக் கன்ட்ரி வானொலிகள் ஒலிபரப்ப மறுத்த பாடகர்களுக்காக 'அமெரிக்கானா' என்ற தலைப்பில் ஒரு தரவரிசைப் பட்டியலை வெளியிடத் தொடங்கியது. 1999இல் நாஷ்வில் நகரை மையமாகக் கொண்டு அமெரிக்கானா மியூசிக் அசோசியேஷன் உருவானது. 2010ஆம் ஆண்டு கிராமி விழாவில் சிறந்த அமெரிக்கானா ஆல்பத்துக்கென்று தனி விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. 'தி பேண்ட்' குழுவின் டிரம்ஸ் கலைஞரும் பாடகருமான லெவன் ஹெல்ம் அதைப் பெற்றார்.

பெயரை எல்லாக் கலைஞர்களும் விரும்புவதில்லை. கென்டக்கியைச் சேர்ந்த டைலர் சில்டர்ஸ், 2018இல் இந்தச் சங்கத்தின் வளரும் கலைஞர் விருதை வாங்கிய மேடையிலேயே, தாம் ஒரு கன்ட்ரி பாடகர் என்றும், அமெரிக்கானா என்ற பெயர் கன்ட்ரி இசையின் உண்மையான சிக்கல்களிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது என்றும் பேசினார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். நல்ல பாடகர்களை எல்லாம் வேறொரு பெயருக்குள் ஒதுக்கிவிட்டால், கன்ட்ரி என்ற பெரிய வீட்டைச் சீர்செய்ய வேண்டிய கடமை யாருக்கும் இல்லாமல் போகும்.

1927இல் பிரிஸ்டலில் நடந்தது என்ன?

பிரிஸ்டல் என்பது டென்னசி, வர்ஜீனியா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில் அமைந்த ஊர். எல்லைக்கோடு அதன் கடைத்தெருவின் நடுவே செல்கிறது. விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர் 1927 ஜூலை இறுதியில் அங்கு வந்து, தொப்பி நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான கட்டடத்தில் ஒலிப்பதிவுக் கருவிகளை அமைத்தார். ஏற்கெனவே இசைத்தட்டுகளில் பாடிவந்த எர்னஸ்ட் ஸ்டோன்மன் முந்தைய ஆண்டில் 3,600 டாலர் ஈட்டினார் என்ற செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் வந்ததும், மலைக் கிராமங்களிலிருந்து பாடகர்கள் திரண்டு வந்தார்கள். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் 19 கலைஞர்களின் 76 பாடல்கள் பதிவாயின.

அவர்களுள் இரு தரப்பினர் பின்னாளில் பெரும்புகழ் பெற்றார்கள். ஒருவர் ரயில்வேயில் வேலை பார்த்தவரும் காசநோயாளியுமான ஜிம்மி ராட்ஜர்ஸ். மற்றவர்கள் ஏ. பி. கார்ட்டர், அவருடைய மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட சகோதரி மேபெல் ஆகிய மூவர். மேபெலுக்கு அப்போது 18 வயது. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி. கரடுமுரடான மலைப்பாதையில் கார் சக்கரம் பஞ்சராகி, அதைச் சரிசெய்துகொண்டு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். கட்டைவிரலால் கீழ்த்தந்திகளில் மெட்டை வாசித்து, மற்ற விரல்களால் மேல்தந்திகளில் தாளத்தை நிறைக்கும் மேபெலின் கிட்டார் முறை, அதன் பின் வந்த பல தலைமுறைக் கிட்டார் கலைஞர்களுக்குப் பாடமாயிற்று.

கன்ட்ரி இசை பிறந்தது பிரிஸ்டலில்தான் என்று சொல்வது வழக்கம். பிறந்தது அங்கே அன்று, பதிவானது அங்கே என்று சொல்வதே பொருத்தம். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1923இல், இதே ரால்ஃப் பியர் அட்லாண்டாவில் ஃபிடில் கலைஞர் ஜான் கார்சனைப் பதிவு செய்திருந்தார். பதிவுக்கும் முன்னே பாடல்கள் இருந்தன. அவை யாருடையவை என்பதுதான் அடுத்த கேள்வி.

இது வெள்ளையர்களின் இசைதானே?

அடிக்கடி வரும் கேள்வி இது. இல்லை என்பதே பதில். அப்படி ஓர் எண்ணம் உருவாகியதற்குக் காரணமும் உண்டு.

பாஞ்சோவை எடுத்துக்கொள்வோம். மலைவாழ் வெள்ளையர்களின் அடையாளமாகவே அது இன்று பார்க்கப்படுகிறது. ஆனால், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் சுரைக்குடுக்கையின் மேல் தோலைக் கட்டி, கழியை இணைத்து, தந்தி பூட்டிச் செய்துகொண்ட கருவி அது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் கரோலினாவில் வரையப்பட்ட ஓர் ஓவியத்தில், அடிமைத் தொழிலாளர்களின் நடனத்துக்கு ஒருவர் சுரைக்குடுக்கை பாஞ்சோ வாசித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அக்கோண்டிங் என்ற கருவி பாஞ்சோவின் நெருங்கிய உறவு. விரல் நகத்தின் பின்புறத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடித்து, கட்டைவிரலால் குட்டைத் தந்தியை மீட்டும் முறை இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதைக் காம்பியாவைச் சேர்ந்த டேனியல் ஜாட்டா உலகறியச் செய்தார். 1840களில், முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்த வெள்ளையர்களின் மேடை நிகழ்ச்சிகள் வழியாகவே பாஞ்சோ நாடெங்கும் பரவியது. அந்த அவமானத்தின் சுவடு காரணமாகவும், கிட்டாரும் ப்ளூஸும் இளைஞர்களை ஈர்த்த காரணத்தாலும், பின்னாளில் கறுப்பினத்தவர் பலர் பாஞ்சோவை விட்டு விலகினார்கள்.

எஞ்சியிருந்த நினைவையும் இசைத்தட்டு நிறுவனங்கள் அழித்தன. 1920களில் அவை கறுப்பினத்தவரின் பதிவுகளை ஒரு பட்டியலிலும் மலைவாழ் வெள்ளையரின் பதிவுகளை வேறொரு பட்டியலிலும் விற்றன. இசையைக் கற்பதிலும் பகிர்வதிலும் அப்படிப்பட்ட சுவர் இருந்ததில்லை. ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகச் சென்று பாடல் சேகரித்தபோது, லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர் அவருடன் பயணம் செய்தார். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்வார். மெட்டை மனத்தில் பதித்துக்கொண்டு வந்து கார்ட்டர் வீட்டில் வாசித்துக் காட்டுவது ரிடிலின் பங்கு. மேபெலின் கிட்டார் வாசிப்பிலும் அவருடைய பாடம் இருக்கிறது. இசைத்தட்டுகளில் அவர் பெயர் இல்லை. 1960களில் நாட்டுப்பாடல் ஆய்வாளர் மைக் சீகர் தேடிச் சென்று சந்தித்து, அவர் பாடியவற்றைப் பதிவு செய்த பிறகே வெளியுலகம் அவரை அறிந்தது.

நாஷ்வில் வானொலியின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சிக்கும் இதே கதைதான். 1927 டிசம்பரில் அந்தப் பெயர் முதன்முதலாக ஒலிபரப்பில் சொல்லப்பட்ட இரவில், அதற்குச் சற்று முன் ஹார்மோனிகா வாசித்தவர் டிஃபோர்டு பெய்லி என்ற கறுப்பினக் கலைஞர். 1941இல் அவர் அந்த நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். கன்ட்ரி இசையின் புகழ்மண்டபத்தில் 2005இல்தான் அவருக்கு இடம் கிடைத்தது. அப்போது அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

ப்ளூகிராஸுக்கும் ஓல்டு டைமுக்கும் என்ன வேறுபாடு?

ஓல்டு டைம் என்பது நடனத்துக்காக வாசிக்கப்பட்ட இசை. எல்லாக் கருவிகளும் ஒரே மெட்டைச் சேர்ந்து, திரும்பத் திரும்ப வாசிக்கும். தனித்து மின்னுவது அதன் நோக்கம் அன்று. ப்ளூகிராஸ் மேடைக்காக உருவானது. கென்டக்கியைச் சேர்ந்த மாண்டலின் கலைஞர் பில் மன்றோ அதன் தந்தை எனப்படுகிறார். அவருடைய குழுவின் பெயரே அந்த இசைக்கும் பெயராயிற்று. 1945 டிசம்பரில் எர்ல் ஸ்க்ரக்ஸ், மூன்று விரல்களில் உறைகளை மாட்டிக்கொண்டு மழை பொழிவதுபோல் வாசிக்கும் பாஞ்சோ முறையுடன் அக்குழுவில் சேர்ந்தபோது அந்த இசையின் வடிவம் முழுமை பெற்றது. ப்ளூகிராஸில் ஒவ்வொரு கருவியும் முறை வைத்து முன்னால் வந்து தன் திறமையைக் காட்டும்; நம் கச்சேரிகளில் கற்பனைஸ்வரம் மாறி மாறிச் செல்வதைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

அண்மையில் வெளிவந்த ஆல்பங்களில் எதிலிருந்து தொடங்கலாம்?

ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால், ரியானன் கிடன்ஸும் ஜஸ்டின் ராபின்சனும் 2025 ஏப்ரலில் வெளியிட்ட 'வாட் டிட் தி பிளாக்பேர்டு சே டு தி க்ரோ' ஆல்பத்தைச் சொல்வேன். 2005இல் வட கரோலினாவின் பூன் நகரில், கறுப்பின பாஞ்சோ மரபுக்காக நடந்த கூட்டம் ஒன்றில் சந்தித்த இளைஞர்கள் அவர்கள். அதன் பின் மெபன் என்ற ஊரில் ஜோ தாம்ப்சன் என்ற முதிய ஃபிடில் கலைஞரின் வீட்டுக்கு வாரந்தோறும் சென்று, அவர் குடும்பத்தில் தலைமுறைகளாக வந்த மெட்டுகளை நேரில் அமர்ந்து கற்றார்கள். டாம் ஃப்ளெமன்ஸுடன் சேர்ந்து அவர்கள் உருவாக்கிய கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழு 2011இல் கிராமி விருது பெற்றது. ஜோ தாம்ப்சன் 2012இல் காலமானார். இந்த ஆல்பத்தில் பாஞ்சோவும் ஃபிடிலும்தான் பிரதானம். ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் செல்லாமல், ஜோ தாம்ப்சன் வாழ்ந்த வீடு உள்ளிட்ட இடங்களில் திறந்தவெளியில் அமர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். 13 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் 17 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மண்ணிலிருந்து வெளிவரும் இரு சிள்வண்டுக் கூட்டங்கள், 1803க்குப் பிறகு முதன்முறையாக 2024இல் ஒன்றாக வெளிவந்தன. அந்தச் சிள்வண்டுகளின் இரைச்சலும் பதிவில் கேட்கிறது. அதை நீக்காமல் விட்டது சரியான முடிவு. தாம் கற்ற மண்ணையும் சேர்த்தே அவர்கள் நமக்குக் கேட்கத் தந்திருக்கிறார்கள்.

அடுத்து, கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் இணையரின் 'உட்லண்ட்'. நாஷ்வில்லில் அவர்களுக்குச் சொந்தமான ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயரே ஆல்பத்தின் பெயர். 2020 மார்ச்சில் வீசிய சூறாவளி அந்தக் கட்டடத்தின் கூரையைப் பிய்த்தெறிந்தபோது, இருவரும் இரவோடிரவாகத் தங்கள் மூலநாடாக்களைக் காப்பாற்றினார்கள். கூடத்தைப் படிப்படியாகச் சீரமைத்து அங்கேயே பதிவு செய்த இந்த ஆல்பம் 2024 ஆகஸ்டில் வெளிவந்து, 2025இல் சிறந்த நாட்டுப்பாடல் ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. இரு குரல்கள் எங்கே பிரிகின்றன என்று தெரியாத அளவுக்கு இணைந்து ஒலிப்பதைக் கேட்க விரும்புகிறவர்கள் இரவில் அமைதியாக அமர்ந்து இதைக் கேட்க வேண்டும்.

மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த சியரா ஃபெரல், ஊர் ஊராக அலைந்து தெருக்களில் பாடிப் பிழைத்தவர்; அவருடைய 'டிரெயில் ஆஃப் ஃப்ளவர்ஸ்' அதே ஆண்டு சிறந்த அமெரிக்கானா ஆல்பம் உள்ளிட்ட நான்கு கிராமிகளை வென்றது. ஜேசன் இஸ்பெல் 2025 மார்ச்சில் வெளியிட்ட 'ஃபாக்ஸஸ் இன் தி ஸ்னோ', ஒரு குரலும் 1940இல் செய்யப்பட்ட ஒரு மார்ட்டின் கிட்டாரும் மட்டுமே கொண்டு ஐந்து நாட்களில் பதிவானது. ப்ளூகிராஸின் வேகத்தை விரும்புகிறவர்கள் பில்லி ஸ்ட்ரிங்ஸின் 'ஹைவே பிரேயர்ஸ்' ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். மாலி டட்டிலின் கிட்டாரையும் தவறவிடக் கூடாது. சர்வதேச ப்ளூகிராஸ் சங்கத்தின் சிறந்த கிட்டார் கலைஞர் விருதை 2017இல் பெற்ற முதல் பெண் அவர்.

நேரில் கேட்க எங்கே, எப்போது செல்லலாம்?

ஆண்டின் இசைவிழாக் காலம் ஏப்ரல் இறுதியில் வட கரோலினாவின் வில்க்ஸ்பரோவில் நடக்கும் மெர்ல்ஃபெஸ்ட் விழாவுடன் சூடு பிடிக்கிறது. கண்பார்வையற்ற கிட்டார் மேதை டாக் வாட்சன், 1985இல் டிராக்டர் விபத்தில் இறந்த தம் மகன் மெர்லின் நினைவாக 1988இல் தொடங்கிய விழா அது. ஜூனில் கொலராடோவின் டெல்லுரைடு மலைப்பள்ளத்தாக்கிலும், ஜூலையில் ரோட் தீவு மாநிலத்தின் நியூபோர்ட்டிலும் விழாக்கள் உண்டு. நியூபோர்ட் விழா 1959இல் தொடங்கியது. மூளை நாள வீக்கத்தால் பேச்சையும் நடையையும் இழந்து மீண்டு வந்த பாடகி ஜோனி மிட்செல், 2022இல் முன்னறிவிப்பின்றி மேடையேறிப் பாடியது அங்கேதான். செப்டம்பரில் நாஷ்வில்லில் அமெரிக்கானாஃபெஸ்ட் நடக்கிறது. நகரெங்கும் சிறு அரங்குகளில் பாடல்கள் ஒலிக்கும். அதே மாதம் பிரிஸ்டலின் தெருக்களே மேடைகளாகும். அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் நடக்கும் ஹார்ட்லி ஸ்ட்ரிக்ட்லி ப்ளூகிராஸ் விழாவுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. பாஞ்சோ வாசிப்பில் பெருங்காதல் கொண்ட வாரன் ஹெல்மன் என்ற செல்வந்தர் 2001இல் அதைத் தொடங்கி, தம் மறைவுக்குப் பின்னும் நடக்கும்படி பணம் ஒதுக்கிச் சென்றார்.

எனினும், பெரிய விழாவை விட ஓல்டு டைம் இசைக்காரர்கள் கூடும் முகாம்களே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. வர்ஜீனியாவின் கேலக்ஸ் ஊரில் 1935இல் தொடங்கி, இப்போது ஆகஸ்டு தோறும் நடக்கும் ஃபிடில் மாநாட்டில், மேடைப் போட்டியைக் காட்டிலும் கூடாரங்களுக்கு இடையே இரவெல்லாம் நடக்கும் வாசிப்புக்காகவே பலர் வருகிறார்கள்.

அத்தகைய வாசிப்பு வட்டத்தில் புதியவர் சேர்ந்து வாசிக்கலாமா?

சேரலாம், முறை அறிந்து சேர வேண்டும். முதலில் சில மெட்டுகள் முடியும் வரை வெளியே நின்று கேட்பதும், உள்ளே வர இசைவு கேட்பதும் மரியாதை. சுருதி சரியாக இருக்க வேண்டும். ஓல்டு டைம் வட்டத்தில் மெட்டைத் தொடங்கியவரே அதை முடிப்பவர். முடிக்கும் சுற்று வந்ததும் அவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார், அனைவரும் அத்துடன் நிறுத்துவார்கள். தெரியாத மெட்டு வந்தால் மெல்லிய ஒலியில் தொடர்ந்து செல்லலாம். ப்ளூகிராஸ் வட்டத்தில் உங்கள் முறை வரும்போது வாசிக்கத் தயக்கமாக இருந்தால் தலையை அசைத்து மறுத்துவிடலாம். யாரும் தவறாக நினைப்பதில்லை.

இந்திய இசையோடு இதற்குத் தொடர்பு உண்டா?

உண்மையான தொடர்பு உண்டு. அது வழுக்கி வாசிக்கும் கிட்டார் வழியாக வந்தது. ஹவாய்த் தீவினர் மடியில் கிடத்தி, உலோகத் துண்டைத் தந்திமேல் நகர்த்தி வாசித்த முறை, ஒருபுறம் அமெரிக்கக் கன்ட்ரி இசையின் ஸ்டீல் கிட்டாராக வளர்ந்தது. மறுபுறம் 1940களில் கல்கத்தாவில் வாழ்ந்து கற்பித்த டாவ் மோ போன்றவர்களால் இந்தியாவில் வேரூன்றியது. மோகன வீணையை உருவாக்கிய விஸ்வ மோகன் பட், அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடருடன் வாசித்த 1993ஆம் ஆண்டின் 'எ மீட்டிங் பை தி ரிவர்' கிராமி விருது பெற்றது. தமிழ் வாசகர்களுக்கு நான் குறிப்பாகப் பரிந்துரைப்பது 1995இல் வெளிவந்த 'மும்தாஜ் மஹால்'. ப்ளூஸ் பாடகர் தாஜ் மஹாலுடன் பட்டும், சித்திரவீணைக் கலைஞர் ரவிகிரணும் இணைந்த ஆல்பம் அது. கோட்டு வாத்தியம் என்று நம் ஊரில் அறியப்பட்ட கருவியின் குழைவும் மிசிசிப்பி ப்ளூஸின் குழைவும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வதை அதில் கேட்கலாம்.

ஒரே ஓர் இரவுதான் கிடைக்கும் என்றால் எங்கே செல்வது?

வர்ஜீனியாவின் ஹில்டன்ஸ் ஊரில் உள்ள கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்டு என்ற இசைக்கூடத்துக்கு, சனிக்கிழமை மாலையில் செல்லுங்கள். ஏ. பி. கார்ட்டர், சாரா தம்பதியின் மகள் ஜேனட், பழைய இசையைக் காப்பதாகத் தந்தைக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற 1974இல் அதைத் தொடங்கினார். முதலில் நிகழ்ச்சிகள் நடந்த இடம் தந்தையின் பழைய மளிகைக் கடை. அது இப்போது குடும்பத்தின் அருங்காட்சியகம். மலைச்சரிவில் அமைந்த கூடத்தில் படிப்படியாக இருக்கைகள் இறங்கிவந்து, மேடைக்கு முன்னால் ஒரு நடனத்தளத்தில் முடிகின்றன. இசை தொடங்கியதும் முதியவர்களும் குழந்தைகளும் அடிப்பகுதியில் உலோகத் தகடு பதித்த காலணிகளோடு தளத்தில் இறங்கி, தாளத்துக்கு ஏற்ப மரப்பலகைகளைத் தட்டி ஆடுவார்கள். அங்கு மின்கருவிகளுக்கு இடம் இல்லை என்பது வழக்கம். மேபெலின் மகள் ஜூனை மணந்த கன்ட்ரி பாடகர் ஜானி கேஷுக்கு மட்டும் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஜூன் மறைந்து இரண்டு மாதங்கள்கூட ஆகாத 2003 ஜூலை 5 அன்று, தம் வாழ்வின் கடைசி மேடை நிகழ்ச்சியை அவர் அங்கேதான் நாற்காலியில் அமர்ந்தபடி பாடி முடித்தார்.